நாரியும் அந்தரும்

எங்கள் பக்கத்தில் தராசு கிலோவுக்கு மாறி எத்தனையோ வருடம். பில்லும் கிலோவில்தான். ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் கமக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால், இன்றைக்கும் "பத்து அந்தர்" என்றுதான் பதில் வரும். அந்தர் வெள்ளைக்காரர் காலத்து 112 இறாத்தல். கணக்காகச் சொன்னால் 50.8 கிலோ, பேச்சுவழக்கில் 50. சீமெந்துப் பை 50 கிலோ, உரப்பை 50 கிலோ, பெரிய அரிசி மூட்டையும் 50 கிலோ. ஓர் ஆளின் முதுகுக்கு ஓர் அந்தர் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், முதுகைக் கேட்காமல்.

நான் காங்கேசன்துறை வீதியோரம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதுகிறேன். ஸ்டோரும் என் பொறுப்பு. பாரம் தூக்குவது என் வேலை இல்லை, அதற்கு நான்கு பேர் இருக்கிறார்கள். இருந்தும் போன வருடம் கடையில் நாரி பிடித்துப் படுத்தது நான்தான். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: நாரி என்றால் இங்கே கீழ்முதுகு. "நாரி முறிய வேலை செய்தன்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உடனே தேத்தண்ணி கொடுக்க வேண்டும்.)

நடந்தது இதுதான். ஒருவர் கிணற்றுக்குத் தண்ணீர் மோட்டர் வாங்க வந்தார். பொடியள் எல்லோரும் லொறி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மோட்டர் பெட்டி கீழ்த்தட்டில், அதுவும் உள்மூலையில். முன்னால் பெயின்ற் வாளிகள். வாளிகளை நகர்த்தப் பஞ்சிப்பட்டு, அவற்றுக்கு மேலாலேயே எட்டி, உடம்பை ஒரு பக்கம் திருப்பிப் பெட்டியை இழுத்துத் தூக்கினேன். பெட்டி வந்தது. நான் நிமிரவில்லை. வாளியைப் பிடித்தபடி வளைந்தே நின்றேன், வாங்க வந்தவர் "தம்பி, என்ன தேடுறீர்?" என்று கேட்கும்வரை.

மருந்தெடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி: "எத்தனை கிலோ தூக்கினீங்கள்?" பிறகு நிறுத்துப் பார்த்தது 14 கிலோ. அன்றைக்குத் தெரியாது, "பத்துப் பதினைஞ்சு இருக்கும்" என்றேன். கேட்டவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கடைக்குத் திரும்பிய பிறகும் அதே பார்வைதான். நாள் முழுக்க அந்தர் அந்தராகத் தூக்கும் அண்ணை ஒருவர், வயது 50ஐத் தாண்டியவர், மோட்டர் பெட்டியை ஒரு கையால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபம் வந்தது. ஆனால் கேள்வி எனக்கும் இருந்தது. 14 கிலோவுக்கு எப்படி?

பத்து நாள் பாயில் கிடந்ததில் போனில் படிக்க நிறைய நேரம். அப்போதுதான் நயோஷ் (NIOSH, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம்) சமன்பாடு கண்ணில் பட்டது. எங்கள் நாட்டிலும் அதே சுருக்கப்பெயரில் ஒரு நிறுவனம் உண்டு. அதனால் முதலில் அது கொழும்புச் சரக்கு என்று நினைத்து மகிழ்ந்தேன். இல்லை, அமெரிக்காவுடையது. அவர்கள் 1981இல் ஒரு கணக்குப் போட்டு, 1991இல் அதைத் திருத்தினார்கள். ஒருவர் இரண்டு கையாலும் ஒரு பொருளைத் தூக்கும்போது எவ்வளவு பாரம் வரை சரி என்று சொல்லும் கணக்கு அது.

கணக்கு 23 கிலோவில் தொடங்குகிறது. எல்லாம் நூற்றுக்கு நூறு வாய்ப்பாக இருந்தால், அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, தொங்கவிட்ட கையின் மொழி (விரல் முட்டி) மட்டத்தில், நல்ல கைபிடியோடு, எப்போதாவது ஒரு தரம், திரும்பாமல் வளையாமல் தூக்கினால், 23 கிலோ. அந்தரில் பாதியும் இல்லை. இதற்குப் பிறகு வருவதெல்லாம் கழிவுதான். ஆறு பெருக்கிகள் இருக்கின்றன. ஒன்றும் 1ஐத் தாண்டாது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும் 23 தேய்ந்துகொண்டே போகும்.

இதில் பெரிய கழுத்தறுப்பு முதல் பெருக்கிதான்: பாரம் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவிலிருந்து, பாரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் நடுவுக்குக் கிடைமட்டமாக அளக்க வேண்டும். 25 சென்ரிமீற்றருக்குள் என்றால் கழிவில்லை. அதற்கு மேலே 25ஐ அந்தத் தூரத்தால் பிரிக்க வேண்டும். 50 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் பாதி போய்விட்டது. 63ஐத் தாண்டினால் கணக்கு கையை விரித்துவிடும், தூக்காதே என்கிறது.

ஏன் என்பதற்குத் துலாவை நினைத்துப் பார்த்தேன். எங்கள் அம்மப்பா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா (ஏற்றம்) இருந்தது. முள்ளந்தண்டு அந்தத் துலாவைத் தாங்கி நிற்கும் ஆடுகால் மாதிரி. முன்னால் கையில் பாரம், பின்னால் இழுத்துப் பிடிப்பது முதுகுத் தசை. கொடுமை என்னவென்றால், பின்பக்கக் கை படு குட்டை. தசை முள்ளந்தண்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இழுக்கிறது. பாரம் 40 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், 10 கிலோவைச் சமாளிக்கத் தசை 80 கிலோவுக்கு இழுக்க வேண்டும். வளைந்திருக்கும் நம் சொந்த உடம்பின் பாரம் அதற்கு மேல். இந்த இரண்டு பக்க இழுவையும் சேர்ந்து நசுக்குவது, முள்ளந்தண்டு முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் இடத்திலுள்ள வட்டத்தட்டை, அதாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தையை. அந்த இடத்து நசுக்கல் 3400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்று வைத்துத்தான் அந்த 23ஐ எடுத்திருக்கிறார்கள். 3400 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 350 கிலோ அங்கே குந்தியிருப்பது போல.

என் மோட்டரைக் கணக்கில் போட்டேன். தூரம் 60 சென்ரிமீற்றர், பெருக்கி 0.42. கை போன உயரம் நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர். நல்ல உயரம் 75, அதிலிருந்து கூடினாலும் குறைந்தாலும் கழிவு, ஆகவே 0.835. தூக்கி வைக்கப் பார்த்தது 75 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, 55 சென்ரிமீற்றர் மேலே, 0.90. உடம்பு திரும்பியது ஒரு 60 பாகை, 0.81. பெட்டிக்குக் கைபிடி இல்லை, 0.95. ஒரே ஒரு தரம்தான் தூக்கினேன் என்பதால் அதற்குக் கழிவில்லை. எல்லாவற்றையும் பெருக்கினால் 5.5 கிலோ வந்தது. அந்த நிலையில் நான் தூக்கியிருக்க வேண்டியது ஐந்தரைக் கிலோ. தூக்கியது 14. இரண்டரை மடங்கு.

எனக்கு அது ஒரு மான நட்ட ஈடு மாதிரி இருந்தது. எத்தனை கிலோ என்று கேட்டவர்கள் எல்லாம் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எங்கேயிருந்து, எங்கே, எப்படித் திரும்பி என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

வேலைக்குத் திரும்பிய வாரம் அளக்கும் ரேப்பும் கொப்பியுமாக ஸ்டோருக்குள் போனேன். அண்ணை அப்போது தரையில் அடுக்கியிருந்த சீமெந்துப் பைகளைப் பட்டா என்ற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் காலடியில் குந்தியிருந்து ரேப்பை இழுத்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எனக்குக் காற்சட்டை தைக்கப் போறீரோ?"

"இல்லையண்ணை, நீங்கள் தூக்கிற பாரத்துக்குக் கணக்கொண்டு இருக்குதாம். அளந்து பாப்பமெண்டு."

"கணக்கு என்ன கணக்கு, அம்பது கிலோ. பையில எழுதியிருக்குது பாரும்."

பையில் எழுதித்தான் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுதினேன். அடியில் கிடக்கும் பையை அவர் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து அள்ளுகிறார். கை நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர். பை அகலம், கால்களுக்கு நடுவில் வராது, ஆகவே தூரம் 45. பட்டாத் தட்டில் வைக்கும்போது கை நிற்பது 85இல். பட்டா பக்கவாட்டில் நின்றது, ஒவ்வொரு பைக்கும் 45 பாகை திரும்பினார். நிமிடத்துக்கு இரண்டு பை. சீமெந்துப் பை நடுவில் தொய்ந்து போகும், கைபிடி வகையில் அதைவிட மோசமானது இல்லை. பெருக்கிப் பார்த்தால் 6.5 கிலோ. அண்ணையின் கையில் 50. கிட்டத்தட்ட எட்டு மடங்கு. தூக்கும் பாரத்துக்கும் அளவுக்கும் உள்ள விகிதம் 1ஐத் தாண்டினால் சிலருக்கு ஆபத்துக் கூடுகிறது, 3ஐத் தாண்டினால் பலருக்கும் என்று சொல்லும் கணக்கு அது. எட்டுக்கு என்ன சொல்லும் என்று தேட மனம் வரவில்லை.

அண்ணைக்குக் காட்டினேன். கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறரைக் கிலோவோ? தம்பி, என்ர பேத்தியின்ர புத்தகப்பை ஆறரைக் கிலோ வரும். முப்பது வருசமாத் தூக்கிறன், எனக்கு ஒண்டும் வரேல்லை. உமக்கெல்லோ வந்தது."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு ஒன்றும் வரவில்லைதான். ஆனால் பழைய சம்பளக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். அவரோடு சேர்ந்தவர்கள் எங்கே? ஒருவர் பஸ் நிலையத்தடியில் லொத்தர் ரிக்கற் விற்கிறார். இன்னொருவர் ஓட்டோ ஓட்டினார், இருந்து ஓட்டவும் நாரி விடவில்லை என்று அதையும் விட்டார். இன்னும் இரண்டு பேர் ஓரிரு வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். முப்பது வருடம் தூக்கியும் ஒன்றும் வராத ஒருவர்தான் முப்பதாவது வருடத்தில் ஸ்டோரில் நிற்பார், வேறு யார் நிற்க முடியும்? மற்றவர்களின் முதுகுகள் எங்கள் கண்ணில் படாத இடங்களுக்குப் போய்விட்டன. அண்ணையைக் காட்டி 50 கிலோ பரவாயில்லை என்று சொல்வது, கடலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்களிடம் மட்டும் கடல் எப்படி என்று கேட்பது மாதிரி.

அந்த 23 கிலோவும்கூடப் பயில்வானை வைத்துப் போட்ட எண்ணில்லை. ஆண்களில் மிகப் பெரும்பாலானவர்களும் பெண்களில் 100க்கு 75 பேரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய பாரம் என்று பார்த்து எடுத்தது. இங்கிலாந்தில் வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள்: இடுப்பு மட்டத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கினால் ஆணுக்கு 25, பெண்ணுக்கு 16. அதே ஆண் நிலத்திலிருந்து, கையை நீட்டித் தூக்கினால் 5 கிலோ. அவர்களும் சுற்றிவளைத்து அதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இல் வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை மேல் எல்லையாகப் பரிந்துரைத்தது. எங்கள் அந்தர் அதற்குள் அடங்குகிறது, சட்டப்புத்தகம் பார்க்கிறவர்கள் அத்தோடு திருப்திப்படலாம். எங்கே வைத்துத் தூக்குவது என்று கேட்காமல் ஒற்றை எண்ணைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இன்னொரு விஷயம் பாயில் கிடந்தபோது படித்துச் சிரித்தது. இந்தக் கணக்கு வெப்பம் 19 முதல் 26 பாகை வரை, ஈரப்பதன் 35 முதல் 50 வீதம் வரை உள்ள இடத்துக்குத்தான் பொருந்துமாம். எங்கள் ஸ்டோருக்குத் தகரக் கூரை. சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வந்து நின்று பாருங்கள். ஆகவே ஆறரை என்பதே தாராளமான எண்.

சரி, முழங்காலை மடக்கித் தூக்கினால் போதாதா என்று முதலாளி கேட்டார். எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். சுவரில் ஒட்டும் படங்களிலும் அதுதான் இருக்கும். ஆனால் தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்ததால் முதுகு நோவு குறைந்ததா என்று நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் பார்த்தபோது, குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எங்கள் ஸ்டோரிலேயே காரணம் தெரிகிறது. சீமெந்துப் பை முழங்கால்களுக்கு நடுவில் புகாது. குந்தினால் முழங்கால் முன்னே வரும், பை இன்னும் தள்ளிப் போகும், துலாவின் கை நீளும். சின்னப் பெட்டிக்கு முழங்கால் பாடம் சரி, அந்தர் மூட்டைக்கு அது படத்தில் மட்டும் சரி. நாரிக்குக் கட்டும் பெல்ற்றும் அப்படித்தான். நோ இல்லாதவர் அதைக் கட்டினால் நோ வராமல் காக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அதே அமெரிக்க நிறுவனம் 1994இல் சொல்லிவிட்டது. முதலாளி நான்கு பெல்ற் வாங்கி வைத்திருந்தார். ஒன்று இப்போது கேற்றைக் கட்டப் பயன்படுகிறது.

இரண்டு பேராகத் தூக்குவது? நல்லது, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் இருவரின் பலமும் கூட்டி வராது, மூன்றில் இரண்டு பங்குதான் தேறும் என்று இங்கிலாந்து வழிகாட்டி சொல்கிறது. மூன்று பேரென்றால் பாதி. ஒருவர் உயரம், ஒருவர் கட்டை, ஒருவர் இழுக்கும்போது மற்றவர் இன்னும் குனிந்துகொண்டிருப்பார்.

கூலிக் கணக்குத்தான் இதில் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஏற்றி இறக்குபவர்களை நாட்டாமை என்கிறோம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஊர்த்தலைவர், ஆலமரம், சொம்பு எல்லாம் உண்டு. இங்கே அவர் தலையில் மூட்டைதான். நாட்டாமைக்கு மாதச் சம்பளம் கொஞ்சம், மிச்சம் பைக்கு இவ்வளவு என்ற கூலி. வேகமாக ஏற்றினால் கூடக் காசு. சமன்பாட்டின் ஆறு பெருக்கிகளில் ஒன்று வேகத்துக்கானது. நிமிடத்துக்கு 2 தடவை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் 0.91. அதையே நாள் முழுக்கச் செய்தால் 0.65. நிமிடத்துக்கு 4 ஆக்கி நாள் முழுக்க என்றால் 0.45. அதாவது பைக்கூலி கூடக் கூட அந்தப் பெருக்கி இறங்கிக்கொண்டே போகிறது. "மெல்லச் செய்யுங்கோ அண்ணை" என்று நான் சொன்னால், அது அவர் பொக்கற்றிலிருந்து நான் காசெடுப்பது போல. அவர் அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆகவே வேகத்தில் நான் கைவைக்கவில்லை. அது கோழைத்தனமா என்று இன்னும் தெரியவில்லை.

திருப்பம் வந்தது வேறு பக்கத்தால். ஒருநாள் லொறி வந்தது. நானூறு பை. அண்ணையும் பொடியளும் இறக்குவதை முதல்முறையாக ரேப் இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். லொறித் தட்டின் விளிம்பு நாலடி உயரம். அண்ணை அதற்கு முதுகைக் கொடுத்து நிற்கிறார். மேலே நிற்பவர் பையைச் சரித்து விடுகிறார். பை வழுகி வந்து தோளிலும் பிடரியிலும் படுத்துக்கொள்கிறது. அவர் நடந்து போகிறார். குனியவே இல்லை. தூக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். உள்ளே போய்த் தோளைச் சரித்து இறக்குகிறார், பை தானாக விழுகிறது. அந்தரைச் சுமக்கும் பாரம் இருக்கிறதுதான், அதை அந்தச் சமன்பாடு அளக்காது. ஆனால் நிலத்திலிருந்து அள்ளும் வேலை அதில் கிடையாது.

அப்படியானால் இறக்கும்போது இல்லாத குனிவை ஏற்றும்போது உண்டாக்கியது யார்? நான்தான். ஸ்டோர் என் பொறுப்பு. தரையில் அடுக்கச் சொன்னதும் நான், பட்டாவைப் பக்கவாட்டில் விடச் சொன்னதும் நான், முற்றத்தில் மற்ற வாகனங்களுக்கு வழி வேண்டும் என்று.

அன்று பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் சுமைதாங்கியடியில் இறங்கினேன். சின்ன வயதிலிருந்து அதைக் கடந்து போயிருக்கிறேன், ஏறியிருந்து மாங்காயும் தின்றிருக்கிறேன். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் கட்டுவார்கள், அவள் இறக்கி வைக்காத சுமைக்குப் பதிலாக. சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்து போகிறவர் கடகத்தை அதில் வைத்து இளைப்பாறிவிட்டு, ஆள் துணை இல்லாமல் மறுபடி தலையில் ஏற்றலாம். நிலத்தில் வைத்தால் மற்றவர் கை வேண்டும், இல்லையென்றால் நாரியை வளைக்க வேண்டும். ரேப் பையில் கிடந்தது. நாலடிக்குக் கொஞ்சம் மேலே. லொறித் தட்டின் உயரம்.

கட்டியவர்கள் கணக்குப் போட்டுக் கட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிப் பழையதைப் பார்த்து "அன்றே சொன்னான் தமிழன்" என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். சுமந்து பார்த்த யாரோ ஒருவர், கல்லைக் கிடத்த முன் அதன் அருகில் நின்று பார்த்திருப்பார். அவ்வளவுதான். நான் கொப்பியோடு செய்தது அதைத்தான், கொஞ்சம் சுற்றுவழியில்.

அடுத்த கிழமை முதலாளியிடம் கேட்டு, விற்காமல் கிடந்த உடைந்த சீமெந்துக் கல்லையும் பழைய பலகைகளையும் கொண்டு ஒரு மேடை போட்டோம். இரண்டரை அடி, ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர். பட்டா பின்பக்கமாக மேடையை ஒட்டி வந்து நிற்க வேண்டும், முற்றத்தில் வழி அடைபட்டால் அடைபடட்டும். கணக்கு மறுபடி போட்டேன். கை 75இல் தொடங்கி ஏறத்தாழ அதே உயரத்தில் முடிகிறது. தூரம் 30. திரும்புவது இல்லை. பையின் தொய்வும் வேகமும் பழையபடி. 15.7 கிலோ வந்தது. 6.5இலிருந்து 15.7. பையின் பாரத்தில் ஒரு கிராம் குறைக்கவில்லை. பெரும்பாலும் இப்போது தூக்குவதுகூட இல்லை, இழுத்துச் சரித்து விடுகிறார்கள்.

ஆனாலும் 50 கிலோ அங்கே மூன்று மடங்குக்கு மேல்தான். எந்த மேடை போட்டாலும் அந்தர் 23க்குள் வராது. 25 கிலோப் பை வந்தால் 15.7க்கு ஒன்றரை மடங்கில் நிற்கும். பை தைக்கும் இடம் எங்கள் கைக்கு எட்டாத இடம், சில நாடுகளில் சீமெந்து 25 கிலோப் பையில்தான் வருகிறது என்று சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப ரெண்டு பையாத் தூக்குவாங்கள்," என்றார் அண்ணை. அதுவும் நடக்கக்கூடியதுதான், பைக்கூலி இருக்கும்வரை.

மேடை போட்ட மூன்றாவது கிழமை ஒரு நாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் பெயின்ற் வாளிகள், பீவிசிக் குழாய், யாருடையதோ மத்தியானச் சாப்பாட்டுப் பாசல். சீமெந்து பழையபடி தரையில். உயரமான வெறுமையான இடத்தைக் கண்டால் சாமான் தானாக ஏறிவிடும், எந்த வீட்டு மேசையைப் பார்த்தாலும் தெரியும். எல்லாவற்றையும் இறக்கச் செய்து மேடையின் ஓரத்தில் சிவப்புப் பெயின்ற்றில் "சீமெந்துக்கு மட்டும்" என்று எழுதினேன். பாசலுக்குரியவர் கொஞ்சம் முறைத்தார்.

எழுதாத இரண்டு மாற்றங்களும் நடந்தன. கடை திறந்ததும் முதல் அரை மணி நேரம் நிலத்திலிருந்து எதையும் அள்ளுவதில்லை, பில் பார்ப்பது, கூட்டுவது, குழாய் அறுப்பது. இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டு வட்டத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. காலையில் நாம் இரவைவிட ஓரிரு சென்ரிமீற்றர் உயரம், அந்த நேரத்தில் குனிந்தால் தட்டுக்கு இழுவை கூட. இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கடைசிப் பொடியன் தூணில் கோடு போட்டுக் காலையும் பின்னேரமும் நின்று பார்த்தான், நம்பிவிட்டார்கள். மற்றது, மோட்டர் பெட்டிகள் இப்போது நடுத்தட்டில், முன்வரிசையில். அது என் சொந்த நலன்.

போன வெள்ளிக்கிழமை கடை பூட்டுகிற நேரம் அண்ணை என் மேசையடியில் வந்து நின்றார். சைக்கிள் திறப்பு கையில். ஏதோ முற்பணம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உந்த ரேப்பை ஒருக்காத் தாரும்."

"என்னத்துக்கண்ணை?"

"வீட்டில மனிசி தோட்டத்து வெங்காயம் தாள் அரிஞ்சு கடகத்தில நிரப்பிறவ. நிலத்தில இருந்து அள்ளி அள்ளி இப்ப நாரி எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. நிண்டு செய்யிற மாதிரி ஒரு வாங்கு அடிப்பமெண்டு பாக்கிறன். எத்தினை அடி எண்டு சொன்னனீர்?"

"ரெண்டரை. ஆனா அக்கா உங்களைவிடக் கட்டையெல்லோ. அவவை நிக்க வைச்சுக் கையைத் தொங்கப்போடச் சொல்லி, மொழி மட்டத்துக்கு அளவுங்கோ."

அவர் ரேப்பை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ரேப் இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. கடையில் வேறு ரேப் எடுத்து என் பேரில் எழுதிக்கொண்டேன்.